ஒரு பாலுண்ணிக்கு இரண்டு நேர்த்தி

நம் வயதுக்காரர் எல்லோருக்கும் இப்போது ஒரே பழக்கம்தான். கதைத்துக்கொண்டிருக்கும்போதே கை தானாகக் கழுத்துக்குப் போகும். அங்கே தொங்குகிற சின்னச் சதையை விரலால் உருட்டிப் பார்ப்போம். போன மாதத்தைவிடப் பெருத்திருக்கிறதா, பக்கத்தில் இன்னொன்று முளைத்திருக்கிறதா என்று ஒரு கணக்கெடுப்பு. பிறகு யாரும் பார்க்கவில்லையே என்று சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொள்வோம். ஆண்கள் சட்டைக் கொலரைத் தூக்கிவிடுவதையும் நான் கண்டிருக்கிறேன். வெட்கப்படாதீர்கள். எனக்குக் கழுத்தில் ஐந்து இருக்கிறது, அக்குளில் இரண்டு. முதுகில் மெழுகு சொட்டிக் காய்ந்த மாதிரி ஒரு கறுப்புத் தடிப்பு வேறு.

அந்தத் தடிப்பைக் கண்டுவிட்டு மகள் பிடித்த பிடியில்தான் வெள்ளவத்தையில் ஒரு தோல் டொக்டரிடம் போனேன். இரண்டு மணித்தியாலம் காத்திருந்தேன். உள்ளே போனால் என் மகளைவிடச் சின்னப் பிள்ளை ஒருத்தி. கையில் விளக்கு வைத்த ஒரு பூதக்கண்ணாடி. முதுகைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"அன்ரி, இது ஒண்டும் இல்ல. கழுத்தில இருக்கிறது வயசுக்கும் உரசலுக்கும் வாறது. முதுகில இருக்கிறதும் வயசோட வாறதுதான். ரெண்டாலயும் ஒரு கெடுதலும் இல்ல. சங்கிலி மாட்டி இழுபட்டா சொல்லுங்கோ, எடுத்துவிடுறன். இல்லாட்டிச் சும்மா விடுங்கோ."

"சும்மா விடுறதோ?"

"ஓம். திடீரெண்டு பெருத்தா, நிறம் மாறினா, ரத்தம் கசிஞ்சா உடனே வாங்கோ. வீட்டில மட்டும் ஒண்டும் பூசிப் பார்க்காதீங்கோ."

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். கைப்பையை எடுக்கும்போது அவள் என் வலது கையைப் பார்த்துவிட்டாள். நடுவிரலின் முதல் மொளி மூட்டுக்கு மேலே தோல் இழுபட்டு, பளபளவென்று இருக்கும். அந்த விரல் முழுதாக மடங்காது.

"இது என்ன அன்ரி? சுட்டதோ?"

"பாலுண்ணிக்கு மருந்து போட்டது. பத்து வயசில."

அவள் விடவில்லை. எப்படி இருந்தது, எவ்வளவு காலம் இருந்தது, மருந்து போடும்போது என்ன நிறம் என்றெல்லாம் கேட்டாள். கடைசியில் கறுத்து, அரிப்பெடுத்துக் கடித்துக்கொண்டிருந்தது என்றேன். அவள் பேனையை வைத்துவிட்டாள்.

"பாலுண்ணி எண்டுறது ஒரு கிருமி அன்ரி. உடம்பு அதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சக் காலம் எடுக்கும். கண்டுபிடிச்சா தானே கலைச்சுவிட்டிடும். அப்ப அதுக்குள்ள இருக்கிற சின்ன ரத்தக் குழாயெல்லாம் அடைச்சுக் கறுக்கும், கடிக்கும். கறுத்ததெண்டா அது அநேகமா விழப் போயிருக்கும். ஒரு மூண்டு கிழமை பொறுத்திருந்தா..."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் நிறுத்திக்கொண்டாள்.

மூன்று கிழமை! வெறும் இருபத்தொரு நாள்! வெளியே வந்து காலி வீதியில் நின்றபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்று கேட்காதீர்கள். செத்தவர்கள் மேல், இருக்கிறவர்கள் மேல், என் மேல், எல்லார் மேலும்தான். அந்தப் பாலுண்ணிக் கதையை இதுவரை நான் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. அரைகுறையாகச் சொல்லியிருக்கிறேன். முழுதாகச் சொன்னால் என் மானம் போகும் என்பதுதான் காரணம். இந்த வயதில் மானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன்?

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில். அம்மா அங்கேயே பிறந்து வளர்ந்த வேதக்காரி, கத்தோலிக்கம். அப்பா யாழ்ப்பாணத்துச் சைவம், கோட்டையில் ஒரு கந்தோரில் கிளார்க். இரண்டு பேரும் விரும்பிக் கலியாணம் முடித்தவர்கள். அந்தக் காலத்தில் அது லேசுப்பட்ட காரியமில்லை. அப்பாவின் பக்கத்தில் அவரோடு கதைத்த ஒரே ஆள் அவருடைய தங்கச்சி. வெள்ளவத்தையில் கடற்பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருந்த என் மாமி. அவருக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள். அதனால் என்னைக் கண்டால் விடமாட்டார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருதரம் நாங்கள் இரண்டு பஸ் மாறி அங்கே போவோம். மாமி என்னைப் படியில் இருத்தி, தலையைப் பிரித்து, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிவிடுவார். எள்ளுருண்டை தருவார். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே அம்மா அந்தப் பின்னலை அவிழ்த்துத் தன் கையால் பின்னுவார். இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. ஒருவரை ஒருவர் "மச்சாள், மச்சாள்" என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனாலும் என் தலையில் யாருடைய பின்னல் இருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் முக்கியம்.

எனக்கு அப்போது பியானோ என்றால் உயிர். எங்களிடம் பியானோ இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு பறங்கிக்காரப் பெண்மணி தன் வீட்டு முன்னறையில் சொல்லிக்கொடுப்பார். கிழமையில் இரண்டு நாள். மற்ற நாட்களில் நான் அட்டையில் பழகினேன். அப்பா கந்தோரிலிருந்து நீளமான மட்டை ஒன்றைக் கொண்டுவந்து, அளவெடுத்து, கறுப்பு மையால் பியானோக் கட்டைகளை வரைந்து கொடுத்திருந்தார். மேசையில் அதை விரித்து வைத்து வாசிப்பேன். சத்தம் என் தலைக்குள் மட்டும் கேட்கும். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் அதன் சுருதி எது என்று அட்டையில் தேடுவேன். பிறகொரு காலத்தில் அந்த அட்டை அடுப்படித் தட்டில் சட்டிபானைக்கு அடியில் விரிக்கப் போய்விட்டது.

அந்த வருஷம் நான் பியானோப் பரீட்சைக்கு இருப்பதாக இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை இங்கிலாந்திலிருந்து ஒரு பரீட்சகர் கப்பலேறி வருவார். டீச்சரின் பிள்ளைகளில் ஏழு பேர் அவர் முன்னால் வாசிக்க வேண்டும். ஏழு பேரில் நான்தான் நன்றாக வாசிக்கிறேன் என்று டீச்சரே அம்மாவிடம் சொல்லியிருந்தார். அம்மா அதைக் கோவிலில், சந்தையில், வண்ணானிடம்கூடச் சொன்னார்.

அப்போதுதான் பாலுண்ணி வந்தது. முதலில் நடுவிரலில் ஒன்று, அரிசி அளவு. ஒரு மாதத்துக்குள் அதைச் சுற்றிக் குஞ்சு பொரித்துவிட்டது. கட்டைவிரல் ஓரத்தில், நகக்கண்ணில், புறங்கையில் எல்லாமாகப் பதினொன்று. நடுவிரலில் இருந்த தாய்ப் பாலுண்ணி மட்டும் பூக்கோவா என்கிற காலிஃபிளவர் மாதிரி வெடித்துப் பெருத்தது.

பெரியவர்கள் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். மொட்டைமாடியில் நின்று நட்சத்திரம் எண்ணியிருப்பாள் என்றார் ஒருவர். தேரையைத் தொட்டிருப்பாள் என்றார் இன்னொருவர். எங்கள் வீட்டில் மொட்டைமாடியும் இல்லை, கொட்டாஞ்சேனையில் அந்தத் தெருவில் தேரையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் ஒருவர், அம்மாவுக்கு எதிர்த்துக் கதைக்கிற பிள்ளைகளுக்குத்தான் இது வரும் என்று வகுப்பு முழுக்கக் கேட்கச் சொன்னார். நான் எதிர்த்துக் கதைக்கிற பிள்ளையே இல்லை. கதைத்திருக்க வேண்டிய ஒரே ஒரு நாளில்கூடக் கதைக்கவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

பியானோ டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முதலாவதாக இருந்த என் பாடம் கடைசிக்குப் போனது. நான் வாசித்து முடித்ததும் அவர் கைக்குட்டையில் ஓடிக்கொலோன் ஊற்றி, கட்டை கட்டையாகத் துடைப்பார். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே துடைப்பார். எனக்கு விளங்கவில்லை. கூட்டிப்போக வந்த அம்மா வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும், "வெள்ளைக்காரன் முன்னால இந்தக் கையோடயா உக்காரப்போற?" என்றார். அன்றைக்குத்தான் பாலுண்ணி எங்கள் வீட்டில் ஒரு வருத்தமாக, ஒரு நோயாக மாறியது. அதுவரை அது வெறும் பாலுண்ணிதான். நோகவே இல்லை.

அம்மாவின் ஆட்களுக்கு இதற்கு ஒரு வழி இருந்தது. பாலுண்ணிக்காரர் கையால் உப்பும் மிளகும் அள்ளி, அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் இருக்கிற பெட்டியில் போட வேண்டும். போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். ஒன்பது செவ்வாய்க்கிழமை. உப்புக் கரைவது போல் பாலுண்ணி கரையும். நாங்கள் தொடங்கினோம். செவ்வாய்க்கிழமை நொவேனா வழிபாட்டில் சனம் நெருக்கியடிக்கும். மெழுகுவர்த்திப் புகையும் வியர்வையும் பூவும் சேர்ந்த அந்த மணத்துக்குள், கைக்குள் உப்புக் கசிய, நான் வரிசையில் நிற்பேன். எவ்வளவு ஆசையாக வேண்டினேன் தெரியுமா? கரையட்டும், பரீட்சைக்கு முன்னால் கரையட்டும் என்று.

ஐந்தாவது செவ்வாய் முடிந்து வெள்ளவத்தைக்குப் போனபோது மாமி சந்தோஷமாக ஒரு செய்தி சொன்னார். "நான் பிள்ளையின்ர பேரில பிள்ளையாருக்கு நேர்ந்திருக்கிறன் மச்சாள். உப்பும் மிளகும் கொண்டுபோய்க் கொட்டினனான். இனிப் பயமில்லை."

அம்மாவின் முகம் இருண்டது. ஒரே கைக்கு, ஒரே உப்பு, ஒரே மிளகு, இரண்டு கோவில். வீட்டுக்கு வந்ததும் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "இங்க பாருங்க, ஒரு எடத்தில நேர்ந்துட்டு இன்னொரு எடத்துக்குப் போகலாமா? அது உங்க வேலை இது உங்க வேலைன்னு ரெண்டு பேருமே விட்டுருவாங்க. ஒண்ணும் நடக்காது, பாருங்க."

அப்பா பேப்பரை மடிக்காமலே சொன்னார்: "கந்தோரில நாங்களும் அப்பிடித்தான். ரெண்டு பேரின்ர மேசைக்குப் போன ஃபைல் நகராது."

அவருக்கு எல்லாம் பகிடி, விளையாட்டு. அந்த மனிதர் ஒருநாள் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு என் கையை எடுத்துப் பார்த்திருந்தால் போதும். பார்த்ததே இல்லை.

ஏழாவது செவ்வாயும் போனது. பாலுண்ணி அப்படியே இருந்தது. பரீட்சைக்கு ஒரு மாதம்தான். அந்தக் கிழமை ஞாயிறு வெள்ளவத்தையில் மாமி அடுத்த வழியைச் சொன்னார். அன்றைக்கு நடந்ததை நான் கவனமாகச் சொல்ல வேண்டும்.

குசினி வாசலில் அம்மா நின்றார். நான் கீழே இருந்து எள்ளுருண்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாமி கறி தாளித்துக்கொண்டே கதைத்தார்.

"வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்பு ஒரு நுனி, சலவைச் சோடா ஒரு நுனி. ரெண்டையும் குழைச்சு, ஈர்க்கிலால தொட்டு அந்தப் பெரிய உண்ணியில மட்டும் வையுங்கோ மச்சாள். எங்கட அம்மா எனக்கு அப்பிடித்தான் எடுத்தவ."

"வேணாம் மச்சாள்," என்றார் அம்மா. "நாங்க நொவேனா முடியட்டும்னு இருக்கோம். இன்னும் ரெண்டு செவ்வாய் இருக்கு." சொல்லிக்கொண்டே திரும்பி, அப்பாவிடம் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்ல முன்னறைக்குப் போய்விட்டார்.

மாமி அடுப்பைப் பார்த்தபடியே இருந்ததால் அம்மா போனதைக் காணவில்லை. அவர் தொடர்ந்து சொன்னார்: "ஆனால் கவனம். பத்து எண்ணுறதுக்குள்ள துடைச்சிட வேணும். விட்டால் சதையைத் தின்னும்."

அதைக் கேட்டது நான் ஒருத்திதான்.

அடுத்த சில நாட்களில் பாலுண்ணி கறுக்கத் தொடங்கியது. முதலில் தாய்ப் பாலுண்ணிக்குள் குண்டூசியால் குத்திய மாதிரிக் கறுப்புப் புள்ளிகள். பிறகு முழுதாகவே கறுத்து, ஓயாமல் கடித்தது. நான் சொறிந்தேன். அம்மா கையை விளக்கடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். "வேர் விடுது," என்றார். "உள்ளுக்கு வேர் விடுது." அவர் பயந்துபோனார். அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. இப்போது யோசித்துப் பாருங்கள். என் உடம்பு கடைசியில் கண்விழித்து அந்தக் கிருமியைக் கழுத்தில் பிடித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்து அழிவு என்று நினைத்து அழுகிறோம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை என்பார்களே, அதுகூடப் பரவாயில்லை. எங்கள் வீட்டில் மூட்டைப்பூச்சி தானாகவே வெளியேறிக்கொண்டிருந்தது.

ஒன்பதாவது செவ்வாய்க்கு முதல்நாள் பின்னேரம், அப்பா வருவதற்கு முன்னால், அம்மா ஒரு சிரட்டையில் எதையோ குழைத்துக்கொண்டு வந்தார். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சுண்ணாம்பின் மணம் அடித்தது. மாமியின் மருந்தை மாமிக்குத் தெரியாமல் செய்து பார்க்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவர் எந்த முகத்தோடு போய், எப்படிப் போடுவது, எவ்வளவு நேரம் வைப்பது என்று கேட்பார்? பக்கத்துக் கடையில் தொலைபேசி இருந்தது. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு நுனி என்றுதான் மாமி சொன்னார். அம்மா அப்பியே விட்டார். அதன்மேல் ஒரு துணியைச் சுற்றிக் கட்டினார்.

"இது இருக்கட்டும். செபமாலை சொல்லி முடியுறதுக்குள்ள எடுத்துரும்," என்றார்.

எங்கள் வீட்டில் செபமாலை முழந்தாளில்தான். மாதா படத்துக்கு முன்னால், சீமெந்துத் தரையில். நடுவில் யாரும் கதைக்கக் கூடாது, எழும்பக் கூடாது, தும்மினால்கூட அம்மா திரும்பிப் பார்ப்பார். அம்மா முதல் பாதி சொல்ல நான் மறு பாதி சொல்ல வேண்டும்.

செபமாலையின் முதல் பத்து மணிகள் முடிந்தன. நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். மாமி சொன்ன பத்து எப்போதோ தாண்டிவிட்டது என்று எனக்குத் தெரியும். இரண்டாவது பத்தில் விரல் எரியத் தொடங்கியது. மூன்றாவது பத்தில் விரலுக்குள் யாரோ ஊசி ஏற்றிக்கொண்டே இருப்பது போல இருந்தது. என் மறுபாதிச் செபம் குழறியது. அம்மா கண்ணைத் திறக்காமலே, "ஒழுங்காச் சொல்லு," என்றார். நான் ஒழுங்காகச் சொன்னேன். கண்ணீர் நாடியில் சொட்டச் சொட்ட, ஐந்து பத்தும், அதற்குப் பிறகு மன்றாட்டு மாலை முழுவதும் சொன்னேன்.

ஏன் வாயைத் திறக்கவில்லை? இவ்வளவு காலமும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "மாமி பத்து எண்ணச் சொன்னவ" என்று நாலு வார்த்தை. செபத்தைக் குழப்பினால் அடி விழும் என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரிய பயம், மாமியின் பேரை அந்த நேரத்தில் சொன்னால் நான் மாமியின் ஆளாகிவிடுவேன் என்பது. அம்மா தோற்றுப்போவார். பத்து வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் விளங்குமா என்பீர்கள். பின்னலை அவிழ்த்துப் பின்னப்பட்ட பிள்ளைக்கு விளங்கும்.

துணியை அவிழ்த்தபோது பாலுண்ணி இல்லை. அது இருந்த இடத்தில் சதையும் இல்லை. அம்மா ஒரு சத்தம் போட்டார். அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் அவரிடமிருந்து நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் தாதி கையைப் பார்த்துவிட்டு, "கவுத மேக்க களே?" என்று சிங்களத்தில் கேட்டார். யார் இதைச் செய்தது என்று. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பரீட்சை நாளில் என் கையில் பெரிய கட்டு இருந்தது. மற்ற ஆறு பேரும் போனார்கள். கட்டை அவிழ்த்த பிறகு நான் பியானோவுக்குப் போய் இருந்தேன். நடுவிரல் மடங்கவில்லை. மற்ற விரல்கள் கட்டையில் இறங்கும்போது அது மட்டும் மேலே நின்றது, வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை கை தூக்கினது போல. டீச்சர் ஒரு மாதம் முயன்று பார்த்தார். பிறகு என் தலையைத் தடவி, "போதும் சைல்ட்," என்றார். நான் வீட்டுக்கு வந்து அட்டையில் வாசித்துப் பார்த்தேன். தலைக்குள் கேட்ட சத்தத்திலும் அந்த ஒரு சுரம் விழுந்துவிட்டிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டுக்குள் கை இருந்த அந்த நாட்களில் மற்றப் பத்துப் பாலுண்ணியும் தானாக விழுந்துவிட்டன. ஒரு தழும்புகூட இல்லை. அம்மா அந்தோனியாருக்கு நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்தார். மாமி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாராம். அப்பா இரண்டுக்கும் போனார்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு ஞாயிறு வந்தது. கை சுட்ட செய்தி கேட்டு மாமி கொட்டாஞ்சேனைக்கு ஓடி வந்தார். கட்டைக் கண்டதும் நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"பத்து எண்ணுறதுக்குள்ள துடைக்கச் சொன்னனான் எல்லோ மச்சாள்! பொம்பிளைப் பிள்ளையின்ர கை!"

"நீங்க அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்ல," என்றார் அம்மா. "குழைச்சு வையுங்கன்னுதான் சொன்னீங்க. உங்க பேச்சைக் கேட்டுத்தான் எம் புள்ள கை போச்சு."

அம்மா பொய் சொல்லவில்லை. அவர் உண்மையாகவே கேட்கவில்லை. மாமியும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் சத்தம் போட்டார்கள். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். அப்பா ஒருநாளும் இல்லாத மாதிரி எழுந்து வந்து, "நிப்பாட்டுங்கோ," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "பிள்ளை, நீதானே பக்கத்தில இருந்தனீ. மாமி சொன்னவவோ?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மாமியின் முகத்தில் பெரிய நிம்மதி. சாட்சி இருக்கிறதே என்ற நிம்மதி. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்தபோது இருந்த அதே முகம். நான் ஓம் என்றால், அம்மாதான் என் விரலை எரித்தவர் என்று ஆகும். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"இல்லை," என்றேன்.

மாமி எழுந்தார். என் கட்டுப் போட்ட கையை ஒருதரம் தொட்டுவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் இல்லை. அப்பா மட்டும் தனியாகப் போய்வருவார். கலியாணம், செத்தவீடு என்றால் மாமியைத் தூரத்தில் காண்போம். அம்மா சாகும்வரை, "அவ மருந்து" என்றுதான் சொன்னார். அம்மா இருக்கும்வரை நான் வாய் திறக்கவில்லை. அம்மா போனபிறகு தீபாவளிக்கு மாமியைப் பார்க்கப் போகத் தொடங்கினேன். பழம் கொண்டுபோவேன், சுகம் விசாரிப்பேன், வருவேன். விரலைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எப்படிப்பட்ட கோழை பாருங்கள்.

டொக்டரிடமிருந்து வெளியே வந்து நின்றேன் என்றேனே, அங்கிருந்து மாமியின் இடம் நடக்கிற தூரம். பழைய வீட்டை இடித்துக் கட்டிய அடுக்குமாடியில் நாலாம் மாடி. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். பார்த்துக்கொள்ள ஒரு பெண் இருக்கிறாள். மாமிக்கு எண்பது தாண்டிவிட்டது. காது நல்ல கூர்மை, நினைவும் அப்படியே. அவர் பல்கனியில் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் செருப்பைக் கழற்றிய கையோடு, சுகம்கூட விசாரிக்காமல் தொடங்கிவிட்டேன்.

"மாமி, நீங்கள் சொன்னனீங்கள். பத்து எண்ணுறதுக்குள்ள துடைக்கச் சொன்னனீங்கள். அம்மாதான் கேக்கேல்ல, முன்னறைக்குப் போயிட்டா. நான் கேட்டனான். நான்தான் பொய் சொன்னனான்."

மாமி பக்கத்துக் கதிரையைக் காட்டினார். பிறகு சிரித்தார்.

"இரு பிள்ளை. ஏன் மூச்சு வாங்குறாய்?"

"மாமி, நான் சொன்னது விளங்கினதோ?"

"விளங்கினது. ஆனால் நான் சொல்லேல்ல பிள்ளை. அண்டைக்குச் சண்டையில சொன்னனான் எண்டு கத்திப்போட்டன். பிறகு வீட்ட வந்து யோசிச்சன். எத்தினை வருஷம் யோசிச்சன். பத்து வயசுப் பிள்ளை ஏன் பொய் சொல்லப்போகுது? அதுவும் என்னில உயிரா இருந்த பிள்ளை. நான்தான் மறந்திருக்கிறன். மச்சாள் சொன்னதுதான் சரி."

"இல்லை மாமி! நீங்கள் கறி தாளிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். நான் கீழ இருந்து எள்ளுருண்டை சாப்பிட்டனான். சதையைத் தின்னும் எண்டு சொன்னனீங்கள். உங்கட வாயால."

"உனக்குச் சின்னனில இருந்தே இளகின மனம்," என்றார் மாமி. "கிழவி போகப்போறாள், ஒரு ஆறுதலுக்குச் சொல்லுவம் எண்டு வந்திருக்கிறாய். வேண்டாம் பிள்ளை. செய்த பிழையைச் சுமக்கத்தானே வேணும். நான் பழகிட்டன்."

நான் சத்தியம் செய்தேன். பிள்ளைகள் மேல் செய்தேன். டொக்டர் சொன்னதைச் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. கிட்டத்தட்டக் கத்தினேன். ஐம்பது வருஷத்துக்கு மேலாகத் தொண்டையில் வைத்திருந்த ஒரே ஒரு உண்மை. அதைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தால், அவர் அதைத் தர்மம் என்று நினைத்துத் திருப்பித் தருகிறார். நான் ஒரு வார்த்தையில் சொன்ன பொய்யை ஆயிரம் வார்த்தையாலும் எடுக்க முடியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பல்கனிக் கம்பியைப் பிடித்துக் குலுக்கலாம் போல இருந்தது.

சத்தம் கேட்டு உள்ளே இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். மாமி என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மடங்காத விரலை நீவிவிட்டுக்கொண்டே அவளிடம் சொன்னார்:

"பயப்படாதை, எங்கட பிள்ளைதான். தேத்தண்ணி போட்டுக்கொண்டு வா. உனக்குச் சொல்லுவன் எல்லோ, நான் கை சுட்ட பிள்ளை எண்டு. இவள்தான்."